ஆண், பெண் விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி: எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது? முழுமையான வழிகாட்டி

பெண்கள் அணிக்கு முதன்முறையாகப் பயிற்சி தரப் போகிற கோச்சுக்கு மூத்தவர்கள் வழக்கமாகச் சொல்லி அனுப்பும் அறிவுரை ஒன்று உண்டு: "பசங்களைத் திட்டினா வீம்பு வந்து ஆடுவாங்க, பொண்ணுங்களைத் திட்டினா அழுதுருவாங்க. பார்த்து நடந்துக்க." இந்த ஒரு வரியில் இரண்டு தரப்புக்கும் அநியாயம் நடக்கிறது. பையனை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம் என்று அனுமதி கிடைத்துவிடுகிறது. பெண்ணிடம் தவற்றைச் சொல்லாமல் விடுவதற்குச் சாக்கு கிடைத்துவிடுகிறது. அவன் வலியை மறைக்கப் பழகுகிறான். அவள் திருத்தம் கிடைக்காமல் அதே இடத்தில் தேங்கிவிடுகிறாள்.

உடலில் இருக்கும் வேறுபாடுகள் உண்மையானவை, அவற்றுக்குத் திட்டம் போட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் வேறுபாடுகளில் பெரும்பகுதி ஆளுக்கு ஆள் மாறுபவை. அவற்றை அந்தந்த ஆளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்பார்ப்பின் அளவு மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை இந்த அடிப்படையில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே முதல் இரண்டு படிகளை முடித்துவிட்டால் மற்றவை சுலபம்.

படி 1: காதில் விழுந்ததை விட்டுவிட்டு, கண்டறிந்ததைப் பாருங்கள்

உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-ல், ஆண் பெண் வேறுபாடுகள் பற்றி அதுவரை வந்திருந்த 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசும் ஆய்வுகளை) ஒன்றாக வைத்துப் பார்த்தார். அளக்கப்பட்ட வேறுபாடுகளில் 78 சதவீதம் மிகச் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லக்கூடியவை. பெரிய வேறுபாடாக எஞ்சி நின்ற சிலவற்றில் ஒன்று நம் துறையைச் சேர்ந்தது: பொருளை எறியும் வேகமும் தூரமும். அதுவும் உடல் திறன் சார்ந்த விஷயம்தான்.

கோச்சிங் பாணி பற்றியே நேரடியாக ஆராய்ந்தவர் பி. செல்லதுரை. கனடாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் பேராசிரியராக இருந்தவர். சாலே என்பவருடன் சேர்ந்து 1980-ல் அவர் முழுமைப்படுத்திய அளவுகோல் கோச்சின் நடத்தையை ஐந்தாகப் பிரிக்கிறது: கற்றுக்கொடுப்பது, கலந்து பேசி முடிவெடுப்பது, தானே முடிவெடுப்பது, ஆட்டத்துக்கு அப்பாலும் அக்கறை காட்டுவது, நன்றாகச் செய்ததைப் பாராட்டுவது. இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், கோச் தானே முடிவெடுப்பதை ஆண்கள் பெண்களைவிடக் கூடுதலாக விரும்பினார்கள். இந்தப் பாதியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோச்சின் அக்கறையைக் கூடுதலாக எதிர்பார்த்தவர்களும் அதே ஆண்கள்தான் என்ற மறுபாதி மறந்தே போய்விட்டது. பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் ஆண் பெண் வேறுபாடே தெரியவில்லை.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். "இதுல என்கிட்ட எது கூடுதலா வேணும், எது குறைஞ்சா நல்லா இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில்களைப் பெயர் வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் ஒரு கட்டு, பெண்கள் ஒரு கட்டு என்று பிரித்துவிட்டால் கேட்டதே வீண்.

படி 2: உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் 1970-களில் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை மைதானத்திலேயே உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். கோச்சுகள் தங்களைப் பற்றிச் சொன்னதும் உண்மையில் நடந்ததும் பெரிதும் பொருந்தவில்லை. அந்தச் சிறுவர்கள் சொன்னதுதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. அதனால் "நான் எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துறேன்" என்ற உங்கள் நம்பிக்கையை அளந்து பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

போனை மேல்பாக்கெட்டில் வைத்து, இரண்டு செஷன்களை முழுதாக ஒலிப்பதிவு செய்யுங்கள். அணியினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: நுட்பத் திருத்தம், பொதுப் பாராட்டு, அதட்டல், விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. யாரிடம் சொன்னீர்களோ அவர் பெயரின் முதலெழுத்தைக் கட்டத்தில் எழுதிக்கொண்டே போங்கள். கலப்பு அணிக்குப் பயிற்சி தருபவர் என்றால் நுட்பத் திருத்தக் கட்டத்தை உற்றுப் பாருங்கள். "முழங்கையை இன்னும் கொஞ்சம் உயர்த்து, பந்தை விடும்போது மணிக்கட்டு முடியட்டும்" என்பது போன்ற வாக்கியங்கள் யாருக்குப் போகின்றன? "சூப்பர் சூப்பர், பரவாயில்ல விடு" யாருக்குப் போகிறது? பின்னது பெண்கள் பக்கம் குவிந்திருந்தால் நீங்கள் அன்பாக நடந்துகொள்ளவில்லை, அவர்களுக்குக் குறைவாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

படி 3: பிறந்த தேதியை விட வளர்ச்சியைப் பாருங்கள்

பருவமடைவதற்கு முன் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டத்திலோ தாண்டலிலோ பெரிய இடைவெளி இருக்காது. அந்த வயதில் சேர்த்தே பயிற்சி தரலாம். உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் பையன்களுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் வருகிறது. அதற்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் தன் வேலையைக் காட்டுகிறது. 100 மீட்டர் உலக சாதனை ஆண்களில் 9.58 விநாடி, பெண்களில் 10.49 விநாடி. உச்ச நிலை ஓட்டங்களில் 10 முதல் 12 சதவீத இடைவெளி சாதாரணம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரின் உயரத்தையும் அளந்து குறித்து வையுங்கள். திடீரென்று உயரம் கூடும் மாதங்களில் கைகால் ஒருங்கிணைப்பு தடுமாறும். நேற்று வரை வந்த ஸ்மாஷ் இன்று வராது. முட்டிக்குக் கீழே எலும்பு வலிக்கும், குதிகால் வலிக்கும். அந்த நேரத்தில் தாண்டல், குதித்தல் அளவைக் குறைத்து, நுட்பத்தை மெதுவான வேகத்தில் மறுபடி சொல்லிக்கொடுங்கள். பெண்களுக்கு இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் பையன்களுக்கு முன்பே வந்துவிடும். போன வருடம் பையன்களை ஜெயித்துக்கொண்டிருந்த பெண் இந்த வருடம் பின்தங்கும்போது, அது அவள் சோம்பலால் வந்ததில்லை என்பதை முதலில் கோச் புரிந்துகொண்டு, அவளுக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெண்கள் விளையாட்டை விட்டுப் போகும் வயது இதுதான்.

படி 4: முட்டியைக் காப்பாற்றுங்கள்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில், முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழியும் அபாயம் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதிலும் பெரும்பாலானவை யாரும் மோதாமலே நடப்பவை: குதித்து இறங்கும்போது, சட்டென்று திசை திரும்பும்போது. பருவ வயதில் பெண்ணின் உயரமும் எடையும் கூடுகிற வேகத்துக்குத் தசை வலு கூடுவதில்லை. இடுப்பு அகலம் மாறுகிறது. முட்டியை அதிகம் மடக்காமல், நேராக, முன்தொடைத் தசையையே நம்பி இறங்கும் பழக்கம் வந்துவிடுகிறது. எடைப் பயிற்சியே தராமல் வளர்த்ததும் ஒரு காரணம். அது உடலின் குறையில்லை, நம் குறை.

பரிசோதனை எளிது. 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டி ஒன்றின் மேல் வீராங்கனையை நிற்க வையுங்கள். இறங்கி, தரை தொட்டவுடன் முடிந்த அளவு மேலே குதிக்கச் சொல்லுங்கள். போன் கேமரா அவர் முட்டி உயரத்தில், நேர் எதிரே இருக்கட்டும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முட்டிச்சில்லு கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா? ஒரு கால் முந்தித் தரையைத் தொடுகிறதா? உடம்பு ஒரு பக்கம் சரிகிறதா? பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். 'தொம்' என்று விழுந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது தசை இல்லை, மூட்டு.

திருத்தும்போது "முட்டியை உள்ளே விடாதே" என்று சொன்னால் பெரும்பாலும் உடம்பு விறைத்துக்கொள்ளும். "சத்தமே வராம இறங்கு" என்று சொல்லிப் பாருங்கள், இடுப்பும் முட்டியும் தாமாகவே மடங்கும். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் திட்டம் இதற்கென்றே உருவானது: ஓட்டம், வலு, சமநிலை, தாண்டல் என்று 15 பயிற்சிகள், ஏறத்தாழ 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயது கால்பந்து வீராங்கனைகளிடம் சோதித்து 2008-ல் வெளியிட்டபோது, மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தன. வாரம் இரண்டு முறையாவது, முழுதாக, ஒழுங்காகச் செய்தால்தான் பலன். நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது வார்ம்-அப்தான், தயவுசெய்து வெட்டாதீர்கள்.

பையன்களுக்கும் இதையே கொடுங்கள். அபாய விகிதம் குறைவு என்றாலும் அவர்களுக்கும் ஏசிஎல் கிழியத்தான் செய்கிறது.

படி 5: பீரியட்ஸ், சாப்பாடு, ரத்தம் பற்றித் தயங்காமல் பேசுங்கள்

ஆண் கோச்சுகள் பலர் விலகி ஓடும் இடம் இது. விலகினால் ஆபத்து. சீசனின் முதல் கூட்டத்திலேயே, எல்லோரும் இருக்கும்போது, சாதாரணக் குரலில் இப்படிச் சொல்லிவிடுங்கள்: "பீரியட்ஸ் நேரத்துல வலி அதிகமா இருந்தா சொல்லுங்க, அன்னிக்கு வேலையைக் கொஞ்சம் மாத்திக்கலாம். மூணு மாசம் வரலைன்னா கண்டிப்பா சொல்லணும். என்கிட்ட சொல்ல சங்கடமா இருந்தா பிசியோ மேடம்கிட்ட சொன்னா போதும்." அதற்குப் பிறகு துருவிக் கேட்க வேண்டாம். குறித்துவைக்க விரும்புகிறவர்கள் தங்கள் போனிலேயே குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தகவல் அவர்களுடையது. அணித் தேர்வுக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

மாதவிடாய்ச் சுழற்சிக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றும் முறை, எம்மா ஹேய்ஸ் தலைமையில் இங்கிலாந்தின் செல்சி பெண்கள் கால்பந்து அணி 2020-ல் அதைக் கையிலெடுத்ததும் பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று, பீரியட்ஸின் முதல் நாட்களில் செயல்திறன் மிகச் சிறிய அளவே குறையக்கூடும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும் என்று முடித்தது. ஆகவே "முதல் வாரம் எல்லாருக்கும் லேசான பயிற்சி" என்று அணி முழுவதற்கும் அட்டவணை போடுவதில் அர்த்தமில்லை. ஒருத்தி முதல் நாளில் சுருண்டு படுத்திருப்பாள், இன்னொருத்தி அன்றுதான் தன் சிறந்த நேரத்தை ஓடுவாள்.

பீரியட்ஸ் நின்றுபோவதைக் கடும் உழைப்பின் அடையாளமாக நினைக்கும் கோச்சுகள் இன்னும் இருக்கிறார்கள். அது எச்சரிக்கை மணி. உடற்பயிற்சிக்குச் செலவானது போக உடம்பின் அன்றாட வேலைக்கு ஆற்றல் மிஞ்சவில்லை என்று பொருள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் கொடுத்து, ஆண்களுக்கும் வரும் என்று தெளிவாகச் சொன்னது. கணக்கு இது: 50 கிலோ எடையுள்ள வீராங்கனைக்கு உடல் கொழுப்பு 20 சதவீதம் என்றால், கொழுப்பில்லாத எடை 40 கிலோ. உடம்பின் அன்றாட வேலைக்கு அதில் கிலோவுக்கு 45 கலோரி என்றால் 1,800. அன்றைய பயிற்சியில் 500 கலோரி செலவானால் அவர் சாப்பிட வேண்டியது 2,300. பயிற்சிச் செலவு போக மிஞ்சுவது கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே பல நாட்கள் போனால் ஹார்மோன், எலும்பு, நோய் எதிர்ப்பு எல்லாம் அடிவாங்கும். ஆண்களிடம் இந்தப் பிரச்சினை வேறு முகத்தோடு வரும்: ஓயாத களைப்பு, ஆண் ஹார்மோன் சரிவு, அடிக்கடி சளி, எலும்பில் மயிரிழை விரிசல்.

15 வயதாகியும் பூப்படையவில்லை என்றால், அல்லது வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் தொடர்ந்து நின்றால், மருத்துவரிடம் அனுப்புங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு மாதாமாதம் வரும் ரத்தப்போக்கை இயல்பான சுழற்சியாக எண்ணிவிடக் கூடாது. அது பிரச்சினையை மறைக்கும்.

ரத்தசோகைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை பெரியவர்களில் ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராம் ஹீமோகுளோபின். அது சரியாக இருந்தும் இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். காரணமில்லாமல் நேரம் சரியும் வீராங்கனையிடம் "மனசு வைக்கல" என்று சொல்வதற்கு முன் இந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் இரும்பு மாத்திரை கொடுக்காதீர்கள், குறிப்பாக ஆண்களுக்கு.

எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

படி 6: எடைப் பயிற்சிக் கூடம்

பெண்கள் ஆண்கள் தூக்கும் அளவைத் தூக்க மாட்டார்கள், குறிப்பாக மேலுடம்பில். ஆனால் தொடங்கிய இடத்திலிருந்து சதவீதமாகப் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வலுப்பெறுகிறார்கள். ஆகவே ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்-அப் எல்லாம் இருவருக்கும் உண்டு. பெண்களுக்கு மட்டும் இரண்டு கிலோ டம்பெல்லும் ரப்பர் பேண்டும் என்று ஒதுக்கிவிடுவது படி 4-ல் சொன்ன முட்டியை உடைக்கும் வழி. கவனிக்க வேண்டிய ஒன்று: அவரவர் உச்ச எடையின் அதே சதவீதத்தில் பல பெண்களால் ஆண்களைவிடக் கூடுதல் முறை தூக்க முடியும், செட்டுகளுக்கு இடையில் சீக்கிரம் தெளிந்துவிடுவார்கள். ஒரே தாளை இருவருக்கும் கொடுத்தால் பெண்களுக்கு வேலை குறைவாகப் போகலாம். பையன்கள் பக்கம் சிக்கல் நேர் எதிர்: பக்கத்தில் இருப்பவன் போட்ட எடையைப் பார்த்துத் தட்டு ஏற்றுவார்கள். எடையை யார் ஏற்றுவது என்ற அதிகாரத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கருவி மாறினால் நுட்பம் மாறும்

ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 106.7 சென்டிமீட்டர். பெண்கள் 100 மீட்டரில் 83.8 சென்டிமீட்டர். ஆண் தடையின் மேல் மார்பைச் சாய்த்து இடுப்பை உயர்த்திக் கடக்க வேண்டியிருக்கிறது. பெண் ஏறக்குறைய ஓட்டத்தின் நீட்சியாகவே கடந்துவிடலாம். ஆண்களின் வீடியோவைக் காட்டிப் பெண்ணுக்கு அதே ஆழமான சாய்வைக் கற்றுக்கொடுத்தால் வேகம்தான் போகும். வாலிபாலில் வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். பெண்கள் ஆட்டத்தில் பந்து அதிக நேரம் உயிரோடு இருக்கும். எனவே தரைத் தடுப்புக்கும் அடுத்தடுத்த தாக்குதலுக்கும் பயிற்சி நேரத்தைக் கூட்டுங்கள். அதே பாலினத்தின் உச்ச நிலை ஆட்டங்களை மாதிரியாகக் காட்டுவது இதனால்தான் முக்கியம்.

படி 8: தவற்றைச் சொல்லும் விதம்

உளவியலாளர் கரோல் டுவெக்கும் சகாக்களும் 1978-ல் வகுப்பறைகளைக் கவனித்தபோது ஒன்றைக் கண்டார்கள். பையன்களை ஆசிரியர்கள் கண்டித்தது பெரும்பாலும் ஒழுங்கீனம், அசட்டைக்காக. பெண்களுக்குக் கிடைத்த குறைச்சொல் பெரும்பாலும் அவர்கள் செய்த வேலையின் தரத்தைப் பற்றியது. பையன் "முயற்சி போதல" என்று எடுத்துக்கொள்கிறான், பெண் "எனக்கு வராது" என்று எடுத்துக்கொள்கிறாள். வருடக்கணக்கில் இப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் உங்கள் மைதானத்துக்கு வருகிறார்கள். ஆகவே திருத்தத்தைக் குறைக்க வேண்டாம். அதை ஆள் மேல் விழாமல் செயல் மேல் விழும்படி சொல்லுங்கள்.

என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை என்ன செய்வது என்ற மூன்றும் இருந்தால் போதும். "பாஸ் லேட்டாச்சு. பந்து வர்றதுக்கு முன்னாடி நீ திரும்பிப் பார்க்கல. அடுத்த தடவை பந்து அவ காலை விட்டுக் கிளம்புறதுக்குள்ள ஒரு தடவை தோளுக்குப் பின்னால பாரு." பத்து விநாடிகூட ஆகாது. பையனிடமும் இதே வார்த்தைகள்தான். "எங்கடா பார்த்துட்டு இருக்க?" என்பதில் அவன் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

எல்லோர் முன்னால் சொல்வதா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதா என்பதை ஊகிக்காமல் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். பதில்கள் உங்கள் எதிர்பார்ப்பைத் தாண்டி இருக்கும். கட்டுமஸ்தான பையன் "தனியா சொல்லுங்க சார்" என்பான். அமைதியான பெண் "அங்கேயே சொல்லிடுங்க கோச், இல்லைன்னா மறந்துடுவேன்" என்பாள்.

"ஏன் இந்த டிரில்?" என்ற கேள்வியைப் பெண்கள் வாய்விட்டுக் கேட்டால் சில கோச்சுகளுக்குக் கோபம் வருகிறது. பையன்கள் கேட்காமல் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். கேட்பதற்கு முன்பே காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் வேகம் கூடும்.

அழுகை வந்தால் பதற வேண்டாம். பலருக்குக் கோபத்திலும் ஏமாற்றத்திலும் கண்ணீர் வரும். தண்ணீர் குடிக்க நேரம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அழுததற்காகத் திருத்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால், "உன்னால் இதைத் தாங்க முடியாது" என்று சொன்னதாக ஆகிவிடும். டென்னஸி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை 1974 முதல் 2012 வரை நடத்திய பேட் சம்மிட் கண்டிப்புக்குப் பெயர் போனவர். பயிற்சியில் தன் வீராங்கனைகளை ஆண்களோடு மோதவிட்டார். 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். கண்டிப்பும் அக்கறையும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

படி 9: அணிக்குள் போட்டி

பெண்கள் தோழிகளோடு மோதத் தயங்குவார்கள் என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணிக்கு 2024 வரை கோச்சாக இருந்த ஆன்சன் டோரன்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார்: பயிற்சியில் நடக்கும் ஒன்றுக்கொன்று மோதல், ஓட்டம், ஷூட்டிங் எல்லாவற்றையும் குறித்து, வரிசைப்படுத்தி, எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுவது. ஜெயிக்க முயல்வது தோழிக்குச் செய்யும் துரோகம் இல்லை, அன்றைய வேலை என்று ஆகிவிட்டது. பட்டியலைப் பார்த்துச் சுருங்கிப்போகிறவர்களும் இருப்பார்கள், பையன்களிலும்கூட. அவர்களுக்கு அவர்களுடைய போன மாத எண்ணையே எதிராளியாக வையுங்கள்.

ஒதுக்கிவைப்பதும் பின்னால் பேசுவதும் பெண்கள் அணியில் மட்டும் நடப்பதாக நினைக்காதீர்கள். பையன்கள் அணியில் அது கிண்டல் என்ற பெயரில் நடக்கும். இரண்டையும் முதல் வாரத்திலேயே பிடித்து நிறுத்துங்கள்.

படி 10: பையன்களிடம் நாம் கேட்காமல் விடுபவை

1997-ன் இறுதியில், சில வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். வியர்வை வரவழைத்துத் தண்ணீரை வெளியேற்றும் பழக்கம் அங்கே வீரத்தின் பகுதியாகவே பார்க்கப்பட்டது. அதன் பிறகுதான் குறைந்தபட்ச எடை, நீர்ச்சத்துச் சோதனை என்று விதிகள் வந்தன. பையன் தாங்குவான் என்ற நம்பிக்கை உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போகும்.

தலையில் அடிபட்டதை மறைப்பது, தசைப்பிடிப்போடு ஆடுவது, சாப்பிடாமல் எடை குறைப்பது இவற்றையெல்லாம் "ஓகே சார்" என்ற ஒற்றைப் பதிலில் பையன் மூடிவிடுவான். அதனால் "ஓகேவா?" என்று கேட்காதீர்கள். "வலி பத்துக்கு எத்தனை? நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று எண்ணைக் கேளுங்கள். எண் சொல்வது பலவீனம் மாதிரி அவனுக்குத் தெரியாது.

மென்மையான அணுகுமுறை பையன்களுக்கும் பலன் தரும் என்பதற்குக் கண்கூடான சான்று உண்டு. முன்பு சொன்ன ஸ்மித், ஸ்மோல் குழு சிறுவர் பேஸ்பால் கோச்சுகளுக்கு ஒரு குறும்பயிற்சி தந்தது: முயற்சியைப் பாராட்டு, தவறு செய்தால் ஊக்கப்படுத்தித் திருத்து, தண்டனையைத் தவிர். அந்தப் பயிற்சி பெற்றவர்களின் சிறுவர்களில் அடுத்த சீசனில் 5 சதவீதம் பேர் மட்டுமே விலகினார்கள். பெறாதவர்களிடம் அது 26 சதவீதம்.

படி 11: உடை, எல்லை, எடுத்துக்காட்டு

வெள்ளை உடை விதியில் பிடிவாதமான விம்பிள்டனே 2023-ல் பெண்களுக்கு அடர்நிற உள் ஷார்ட்ஸை அனுமதித்தது. பீரியட்ஸ் கறை பற்றிய பயத்தோடு ஆடுவது எவ்வளவு கவனத்தைத் தின்னும் என்பதை வீராங்கனைகள் சொல்லிச் சொல்லி வந்த மாற்றம் அது. 2021-ல் நார்வே கடற்கரை ஹேண்ட்பால் வீராங்கனைகள் பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் அணிந்ததற்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. பிறகு அந்த விதியே மாற்றப்பட்டது. உங்கள் அணி உடையைத் தேர்வு செய்யும் முன் ஆடப் போகிறவர்களிடம் கேளுங்கள். சரியான அளவு ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாததாலேயே ஓட மறுக்கும் சிறுமிகள் உண்டு. அதையும் ஷூவைப் போலத் தேவையான உபகரணமாகப் பட்டியலில் சேருங்கள், விளக்கிச் சொல்ல ஒரு பெண் பொறுப்பாளரை வையுங்கள்.

தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் முதலில் "தோளைப் பிடிச்சுக் காட்டலாமா?" என்று கேளுங்கள். தனிப்பேச்சு கதவு திறந்திருக்கும் இடத்தில், மற்றவர் கண்ணில் படும்படி நடக்கட்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அனுப்பும் செய்தியில் பெற்றோர் ஒருவரும் இருக்கட்டும். இவை மூன்றும் பையன்களுக்கும் அப்படியே பொருந்தும். அத்துமீறலுக்கு ஆளான பையன்கள் வெளியே சொல்வது இன்னும் அரிது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அங்கீகரிக்கப்பட்ட கோச்சுகளில் பெண்கள் ஏறத்தாழ 13 சதவீதம்தான். டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 2014-ல் முன்னாள் வீராங்கனை அமெலி மௌரெஸ்மோவைக் கோச்சாக அமர்த்தியபோது எழுந்த முணுமுணுப்பு சின்னதில்லை. அவரோடு இருந்த காலத்தில்தான் மரே களிமண் தரையில் தன் முதல் பட்டங்களை வென்றார். உங்கள் உதவியாளர் குழுவில் பெண்கள் இருக்கட்டும், பையன்கள் அணியிலும்.

படி 12: சீசன் முடிந்ததும்

மறுபடி இரண்டு செஷன்களை ஒலிப்பதிவு செய்து, படி 2-ன் தாளோடு வைத்துப் பாருங்கள். காயப் பட்டியலையும் விலகியவர் பட்டியலையும் ஆண், பெண் என்று இங்கே மட்டும் பிரியுங்கள், ஏனென்றால் இங்கே பார்க்க வேண்டியது உங்கள் ஏற்பாட்டின் ஓட்டைகளை. பெண்கள் பக்கம் முட்டிக் காயம் குவிந்தால் வார்ம்-அப் ஒழுங்காக நடக்கவில்லை. பையன்கள் பக்கம் காயமெல்லாம் முற்றிய நிலையிலேயே தெரியவந்தால் அவர்கள் உங்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள். விலகியவர்களுக்குப் போன் செய்து "எதனால விட்டீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் நேரடியாகக் கேட்டால் "படிப்பு சார்" என்பார்கள். உதவிக் கோச்சையோ முன்னாள் வீராங்கனை ஒருவரையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், உண்மை வரும். அந்தக் காரணங்களை எழுதிவைத்து, அடுத்த சீசனின் முதல் மாதத் திட்டத்தை அதிலிருந்து போடுங்கள்.